தசை இறுகும் பந்தயக் குதிரை: தீவனம், டான்ட்ரோலீன் மருந்து பற்றி அனுபவசாலிகளின் உதவி தேவை

வணக்கம். 3 வயது தரோபிரெட் பெட்டைக் குதிரை, எடை 450 கிலோ. ஓய்வுக்கு மறுநாள் மெதுவோட்டத்திலேயே பின்தொடை கல்லாக இறுகிவிடுகிறது. வியர்வை கொட்டுகிறது, சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போகிறது. 15 நிமிட மெதுவோட்டச் சோதனையில் சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) லிட்டருக்கு 280லிருந்து, 5 மணி நேரம் கழித்து 1,900 யூனிட்டாக ஏறியது. ஜிஒய்எஸ்1 (தசையில் சர்க்கரை அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் கோளாறுக்கான) மரபணுச் சோதனையில் குறை ஏதும் இல்லை.

தயவுசெய்து இதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்த வேகத்தில் தசைக்கு ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, லாக்டேட் ஏறுவதில்லை. சந்தேகமெல்லாம் செல்லுக்குள் தேங்கும் கால்சியத்தின் மேல்தான். அதைத் திரும்ப உள்ளறைக்கு இழுக்க ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) வேண்டும், இழுக்காவிட்டால் தசை இழை தளராது. அளவு மீறினால் மைட்டோகாண்ட்ரியாவும் கெடும்.

மாவுச்சத்தைக் குறைக்க, தினசரி ஓட்ஸை 4 கிலோவிலிருந்து 1.5 கிலோவாகக் குறைத்து, தவிட்டு எண்ணெயை 2 வாரத்தில் படிப்படியாக 300 மில்லிக்குக் கொண்டுவந்திருக்கிறோம். வைட்டமின் ஈ, 50 கிராம் உப்பும் உண்டு.

தெரிய வேண்டியது: எண்ணெய்க்கு மாறிய எத்தனை வாரத்தில் உங்களுக்கு சிகே இறங்கியது? கிலோவுக்கு 4 மில்லிகிராம் டான்ட்ரோலீனை (தசைச் செல்லுக்குள் கால்சியம் வெளியாவதைக் குறைக்கும் மருந்து) வெறும் வயிற்றில், ஓட்டத்துக்கு 90 நிமிடம் முன் கொடுத்தவர்கள், பந்தயத்துக்கு எத்தனை நாள் முன் நிறுத்தினீர்கள்? ஓய்வு நாளில் திறந்த வெளியில் விட்டீர்களா, கையில் பிடித்து நடத்தினீர்களா? சிகே எண்களோடு எழுதினால் பெரிய உதவி.