செவுளா, கொசுவமா, ஏடா? காளானின் அடிப்பக்கத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> மீனுக்குத்தான் செவுள். காளான் குடைக்கு அடியில் இருப்பதற்குக் கொசுவம் என்று வைக்கலாமே?

செவுள் வேண்டாம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம், அக்கா. மீன் செவுளால் மூச்சு விடுகிறது. காளான் அந்த இடத்தில் வித்துகளை உண்டாக்கி உதிர்க்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘கில்’ (gill) என்ற ஒரே சொல் என்பதற்காக நாமும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

கொசுவம் அழகான சொல். ஆனால் அது ஒரே துணியின் மடிப்பு. சாந்தரெல் காளானின் அடியில் இருப்பது அப்படியே அதுதான், சதையோடு ஒன்றிய மடிப்புகள். கொசுவத்தை அதற்கு வைத்துக்கொள்வோம். மற்றக் காளான்கள் பலவற்றில் மெல்லிய தகடுகள் தனித்தனியாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு ‘ஏடு’ என்பது என் பரிந்துரை.

இந்தச் சொல் தோன்றியது படம் எடுக்கும்போதுதான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் வெட்டிப் போட்ட மாங்கட்டையில் விசிறி விசிறியாகச் சின்னக் காளான்கள் இருந்தன. மேலே சாம்பல் வெள்ளையில் பூனைமுடி, காம்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, பெரியதே மூன்று சென்டிமீட்டர்தான். பறிக்க மனம் வராமல் அடியில் சிறு கண்ணாடி வைத்து எடுத்தேன். ஏப்ரல் வெயிலில் ஒவ்வொரு தகடும் விளிம்பில் நீளவாக்கில் பிளந்து, இரு பாதியும் எதிரெதிர்ப் பக்கம் சுருண்டிருந்தது. ஈரம் போகாமல் வித்துப்பரப்பை மூடிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அதே கட்டைக்குப் போனேன். சுருள் விரிந்து, தகடுகள் நிமிர்ந்து நின்றன! காய்ந்த ஓலை சுருளும், நனைந்தால் விரியும். ஏடு என்ற சொல் அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

சுவீடனின் காளான் ஆய்வாளர் எலியாஸ் ஃபிரீஸ் 1815-இல் இந்தப் பேரினத்துக்கு வைத்த சைசோபில்லம் என்ற பெயருக்கும் ‘பிளந்த இலை’ என்றுதான் பொருள். மணிப்பூரில் இதைக் கங்லாயென் என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நாம் பிளவேட்டுக் காளான் எனலாமா?

—

> ‘ஏடு’ என்பது என் பரிந்துரை.

தம்பி, நாளேடு, பாலேடு என்று ஏட்டுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். முதலில் தயங்கினேன். அப்புறம் யோசித்தால், ஓலைச்சுவடியில் ஏட்டின் இருபுறமும் எழுதுவார்கள். இங்கும் தகட்டின் இருபுறமும் வித்து விளைகிறது. பொருத்தம்தான். ஆனால் காம்பைத் தொடாதவை, தொட்டு நிற்பவை, காம்பில் வழிந்து இறங்குபவை என்று இனம் பிரிக்க வேண்டுமே? அதற்கும் இடம் கொடுக்குமா?

—

கொடுக்கும், அக்கா. விட்ட ஏடு, ஒட்டேடு, இறங்கேடு. அமானிட்டா என்ற காளான் பேரினத்துக்கு விட்ட ஏடு, சிப்பிக்காளானுக்கு இறங்கேடு. படக்குறிப்பை இப்படி மாற்றிவிட்டேன்: “பிளவேட்டுக் காளான், மாங்கட்டையில். இடது: ஏப்ரல், ஏடுகள் சுருண்ட நிலை. வலது: ஜூன், விரிந்த நிலை.”