புதுப்பிப்பு: எஸ்டிஏ, எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர்கள் இடம் மாறிய சிக்கல் தீர்ந்தது

உதவியவர்களுக்கு நன்றி. இரண்டாவது டிஸ்க் மாட்டியதிலிருந்து லினக்ஸ் சில நாள் ஒழுங்காக ஏறுகிறது, சில நாள் எமர்ஜென்சி மோடில் (பழுது பார்க்க மட்டும் திறக்கும் நிலை) நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

எஃப்எஸ்டேபில் (டிஸ்கின் எந்தப் பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, எங்கே இணைப்பது, அதாவது மவுண்ட் செய்வது, என்று சொல்லும் கோப்பு) எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களுக்குப் பதில் யூயூஐடி (பார்ட்டிஷனுக்குரிய தனி அடையாள எண்) போடச் சொன்ன யோசனைதான் சரி. டிஸ்குகளை லினக்ஸின் மையமான கெர்னல் எந்த வரிசையில் கண்டுபிடிக்கிறதோ அந்த வரிசையில்தான் பெயர் வைக்கிறது. அது பூட்டுக்குப் பூட் மாறலாம். நான் கேபிளை மாற்றி மாற்றிச் செருகியதெல்லாம் வீண்.

எதிர்பாராதது ஒன்று: யூயூஐடி போட்டும் தவறான பார்ட்டிஷனே மவுண்ட் ஆனது. யூயூஐடிகளைக் காட்டும் பிஎல்கேஐடி கட்டளையை ஓட்டிப் பார்த்தால் இரண்டு டிஸ்கின் பார்ட்டிஷனுக்கும் ஒரே எண்! பழைய டிஸ்கை எண்ணோடு அப்படியே புது டிஸ்குக்கு டிடி கட்டளையால் நகலெடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நகலை அன்மவுண்ட் செய்து, அதற்குப் புது யூயூஐடி வைக்க டியூன்2எஃப்எஸ் கட்டளையில் பெரிய எழுத்து யூ, அப்புறம் ரேண்டம் என்று கொடுத்தேன் (என் பார்ட்டிஷன் ஈஎக்ஸ்டி4 வகை ஃபைல் சிஸ்டம்). புது எண்ணை எஃப்எஸ்டேபில் எழுதினேன். நேற்றுகூட பெயர்கள் மாறியிருந்தன, மவுண்ட் மாறவில்லை.