பார்ட் நம்பரை மாற்றணுமா, ரிவிஷன் ஏற்றினால் போதுமா?

அம்பத்தூர்_க்யூசி:
நேற்று இன்னொரு இழையில் ஓ.எம்.ஆர். தம்பி ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார்: "டிசைன் மாறினால் ரிவிஷன் எழுத்தை (டிராயிங் எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ஏ, பி, சி) ஏற்றினால் போதும். பார்ட் நம்பரை மாற்றுவது பேப்பர் காலத்து ஆட்களின் பிடிவாதம்." படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி, ஸ்டோர்ஸ் பக்கம் எப்போதாவது எட்டிப் பார்த்ததுண்டா? பின்னில் (பாகங்களைக் கொட்டி வைக்கும் பெட்டியில்) தொங்கும் டேக்கில் பார்ட் நம்பர் இருக்கும், எண்ணிக்கை இருக்கும். ரிவிஷன் எங்கே இருக்கும்? டிராயிங்கின் மூலையில். 3.2 மி.மீ. ஸ்பேசரை (இடைவெளிக்கு வைக்கும் துண்டை) 3.5 ஆக்கி, 'பி'யை 'சி' ஆக்கிவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போய்விடுவீர்கள். ஸ்டோர்ஸ் பையன் இரண்டையும் ஒரே பின்னில்தான் கொட்டுவான். நம்பர் ஒன்றுதானே, அவன் மேல் என்ன தப்பு? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது என்றால் நம்பர் மாற வேண்டும். அவ்வளவுதான்.

ஓஎம்ஆர்_பிஎல்எம்:
பெயர் சொல்லாமல் திட்டியதற்கு நன்றி சார். நம்பரை மாற்றினால் அது உட்காரும் சப்-அசெம்பிளி, அதற்கு மேலே உள்ளது, ஸ்பேர்ஸ் கேட்டலாக், சப்ளையருக்குப் போன பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் மாற வேண்டும். ஒரு ஸ்பேசருக்காகவா? எந்த சீரியல் நம்பர் விமானத்திலிருந்து எந்த ரிவிஷன் என்று எஃபெக்டிவிட்டி போட்டால் முடிந்தது.

தரமணி_தயிர்சாதம்:
நம்பர் மாறணுமா என்று பார்க்கச் சொல்லும் 'ஃபார்ம், ஃபிட், ஃபங்ஷன்' (வடிவம், பொருத்தம், வேலை) என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? பெயின்ட் நிறம் மாறினால் அது ஃபார்ம் மாறியதாகுமா?

அம்பத்தூர்_க்யூசி:
எல்லாம் மாற வேண்டாம் தம்பி. எந்த மட்டத்தில் பழைய அசெம்பிளிக்குப் பதில் புதியதைப் போட்டாலும் சிக்கல் இல்லையோ, அதுவரைக்கும் நம்பர் மாறும். அதற்கு மேல் ரிவிஷன் போதும். இது கூடத் தெரியாமல் பி.எல்.எம். (டிசைன் தரவுகளைக் கம்ப்யூட்டரில் நிர்வகிக்கும் வேலை) என்று பெயர் வைத்துக்கொண்டால் எப்படி?

எஃபெக்டிவிட்டி உங்கள் திரையில் இருக்கும். டீலர் அலமாரிக்குப் போன ஸ்பேரோடு அது கூடவே போகுமா? ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். சாவி தானாக நழுவும், இன்ஜின் நிற்கும், ஏர்பேக் விரியாது. 2006-ல் உள்ளே இருந்த ஸ்பிரிங்கையும் பிளஞ்சரையும் நீளமாக்கினார்கள். நம்பரை மட்டும் தொடவில்லை. பிறகு ஒரு விபத்து வழக்கில், நிபுணர் ஒருவர் கடையில் புது சுவிட்சு வாங்கி, பழையதையும் அதையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசமே வெளியே வந்தது. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நல்ல சுவிட்சோடு வந்த 2008-க்குப் பிந்தைய கார்களையும் ஏன் அழைத்தார்கள்? ரிப்பேரில் பழைய சுவிட்சு ஏறியிருக்கலாம், நம்பரை வைத்துப் பிரிக்க முடியாது. நஷ்டஈட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 124. இப்போது சொல்லுங்கள், பிடிவாதமா?

ஓஎம்ஆர்_பிஎல்எம்:
மாற்றத்தை ஊருக்குச் சொல்லாமல் செய்ததுதான் அங்கே குற்றம். அதற்கும் என் ரிவிஷனுக்கும் என்ன சம்பந்தம்? ஏர்பஸ் ஏ380-க்கு வாருங்கள். ஹாம்பர்க்கில் கேட்டியா டிசைன் சாஃப்ட்வேரின் வி4, துலூஸில் வி5. கொண்டுவந்த வயர் ஹார்னஸ் (வயர்க் கட்டு) எட்டவில்லை. 2006-ல் டெலிவரி தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 500 கிலோமீட்டருக்கு மேல் வயர் ஓடும் விமானம் சார் அது. நம்பர் மாற்றியிருந்தால் வயர் நீண்டிருக்குமா?

அம்பத்தூர்_க்யூசி:
ஸ்பேசரைக் கேட்டால் விமானத்தைக் காட்டுகிறார். டேக்கில் ரிவிஷன் இருக்கிறதா, இல்லையா?

கிண்டி_94:
இரண்டு பேருமே இந்த விஷயத்துக்கான தர நெறிகளான ஐ.எஸ்.ஓ. 10007-ஐயோ இ.ஐ.ஏ. 649-ஐயோ திறந்ததில்லை என்று தெரிகிறது. எங்கள் காலேஜில் இதை மூன்றாம் வருடத்திலேயே வாட்டி எடுத்துவிடுவார்கள். போன வருடம் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு பிசகலாம் என்ற) இழையிலும் க்யூசி சார் இப்படித்தான் சாமியாடினார்.

அம்பத்தூர்_க்யூசி:
வந்துவிட்டார் கிண்டி மகாராஜா. டாலரன்ஸ் இழையில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் டிப்ளமோதான். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட டிராயிங்குக்கு வெர்னியர் பிடித்துப் பார்ப்பவன் நான். அந்த இழையில் நீங்கள் ஒட்டிய டிராயிங்கில் ரிவிஷன் 'ஐ' என்று போட்டிருந்தீர்களே, நினைவிருக்கிறதா? டிராயிங் ரிவிஷனுக்கான அமெரிக்க நெறி ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.35-படி ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆறும் கூடாது. கறை படிந்த பிரிண்டில் அது 1-ஆ ஐ-யா என்று யார் கண்டது?

கிண்டி_94:
அது வாடிக்கையாளரின் டிராயிங் ஃபார்மேட்! நாங்கள் முடிவு செய்வதில்லை. தவிர, 'ஒய்'க்கு அப்புறம் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

அம்பத்தூர்_க்யூசி:
'ஏஏ'. ஒரு பாகம் 'ஒய்' வரைக்கும் போகிறதென்றால் எழுத்தைத் தேடாதீர்கள், டிசைனரைத் தேடுங்கள்.

தரமணி_தயிர்சாதம்:
பெயின்ட்?

ஓஎம்ஆர்_பிஎல்எம்:
இந்த இழையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் சிஸ்டத்தில் லேபிள் தானாகவே ரிவிஷனோடு பிரிண்ட் ஆகும். திங்கட்கிழமை ஸ்கிரீன்ஷாட் போடுகிறேன், அப்போது பேசுங்கள்.

அம்பத்தூர்_க்யூசி:
ஸ்கிரீன்ஷாட் யாருக்கு வேண்டும்? ஸ்ரீபெரும்புதூரோ ஒரகடமோ, உங்கள் டிராயிங் போகிற ஷாப்புக்கு நேரில் போய், பின்னை போட்டோ எடுத்துப் போடுங்கள். டேக்கோடு.