சம்பளத்தில் பிடிக்கிற 111 ரூபாய் இ.எஸ்.ஐ. எங்கே போகிறது?

லேத்பட்டறை, கோவை:
பட்டறையில் 18 பேர் வேலை செய்கிறோம். எனக்குச் சம்பளம் 14,800. மாதாமாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 111 ரூபாய் பிடிக்கிறார்கள். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி பக்கம் போனதில்லை, காய்ச்சல் என்றால் தெருமுனை கிளினிக்தான். இந்தப் பணம் திரும்ப வருமா? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து நிறுத்தலாமா?

சம்பளப்பட்டியல் அக்கா:
தம்பி, ஒரு பவுண்டரியில் 19 வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். நிறுத்த முடியாது, திரும்பவும் வராது. மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இது சட்டம். பி.எஃப். மாதிரி உங்கள் பேரில் சேருகிற சேமிப்பு இல்லை. எல்லாரும் போடுகிறோம், படுத்தவருக்கு அதிலிருந்து செலவாகிறது.

உங்கள் 111 என்பது 0.75 சதவீதம். முதலாளி தன் கையிலிருந்து 3.25 சதவீதம், அதாவது 481 ரூபாய் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 2019 ஜூலைக்கு முன் உங்கள் பங்கு 1.75, அவர் பங்கு 4.75. டிஸ்பென்சரி, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் இந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை, ஒரு வரம்புக்குள், மாநில அரசு தருகிறது.

எங்கள் மோல்டிங் பிரிவில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவர் மனைவி கையில் தூக்குவாளியோடு என் மேஜை முன்னால் வந்து நின்று, "எவ்வளவு கட்டணும்மா?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். நம்பாமல் மறுபடியும் கேட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பி அவர் வீட்டுக்காரரின் ஐ.பி. நம்பரை (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். அவருடைய 111, உங்களுடைய 111, என்னுடையது எல்லாம் சேர்ந்துதான் அந்த டயாலிசிஸ்.

சாதாரண நோய்க்கு விடுப்பு எடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். அதற்கு, அதற்குரிய முந்தைய அரையாண்டில் 78 நாள் சந்தா விழுந்திருக்க வேண்டும். இந்த மாதிரிப் பெரிய நோய் என்றால், இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு அதன் பிறகும் 80 சதவீதம் வரும்.

தையல்மெஷின், திருப்பூர்:
அக்கா சொல்வது சரி. என் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் கணக்கில் ஏறியது. ஆனால் டிஸ்பென்சரி வரிசை கொடுமை. காலை ஷிப்டுக்காரர்கள் எப்போது போவது? இவ்வளவு பேர் பணம் கட்டுகிறோம், மாலையிலும் டாக்டர் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

பழைய ஸ்பின்னிங்:
முதலில் பணம் கட்டுகிறார்களா என்று பாருங்கள். நான் இருந்த ஒரு மில்லில் ஏழு மாதம் பிடித்தார்கள், கட்டவே இல்லை. அம்மாவைச் சேர்க்கப் போன அன்றுதான் எனக்கே தெரிந்தது.

லேத்பட்டறை, கோவை:
பார்த்துவிட்டேன் சார். போன மாதம் வரை ஏறியிருக்கிறது. ஆனால் குடும்ப விவரத்தில் மனைவி பெயர் மட்டும்தான். அப்பாவுக்கு 67 வயது, வருமானம் கிடையாது. சேர்க்கலாமா அக்கா?

சம்பளப்பட்டியல் அக்கா:
தாராளமாக. உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் உண்டு. அப்பாவின் ஆதாரையும் போட்டோவையும் நாளைக்கே உங்கள் ஆபீசில் கொடுங்கள். யாருக்காவது முடியாமல் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.