ராபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்: தமிழ் சப்டைட்டிலுக்குச் சொல் உதவி வேண்டும்

வணக்கம். 2002இல் ஃபிலிப் நாய்ஸ் இயக்கிய இந்த ஆஸ்திரேலியப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு திரையிடப் போகிறோம். நேரப் பொருத்தம் முடிந்தது. (நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்கான சப்டைட்டில் கோப்பை 23.976 ஃபிரேம் பிரதியில் ஓட்டாதீர்கள். முதல் காட்சியில் சரியாகத்தான் தெரியும், 90 நிமிடத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் பிசகிவிடும்.) இடிப்பது சொற்கள்தான்.

பெரிய தலைவலி 'ஹாஃப்-காஸ்ட்', அதாவது வெள்ளையர்-பழங்குடிக் கலப்பில் பிறந்தவர்களைக் குறித்த இழிசொல். 'கலப்புச் சாதி' என்றால் நம்மூர்ச் சாதி உள்ளே நுழைந்துவிடும். 'கலப்பினம்' என்றால் மாட்டுப்பண்ணை வாடை. ஆனால் 1931இல் ஓர் அதிகாரி கூச்சமில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்கிறார், அந்த இழிவு வரியில் தெரிய வேண்டும். அதனால் மாட்டுப்பண்ணைச் சொல்லே பொருந்துமோ என்று தோன்றுகிறது.

அடுத்து, படத்தில் பழங்குடிச் சிறுமிகளைத் தாயிடமிருந்து பிரிக்க உத்தரவிடும் அதிகாரி நெவிலின் பதவி 'சீஃப் புரொடக்டர்'. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905 சட்டப்படி 16 வயதுவரை பழங்குடிக் குழந்தைகளுக்குச் சட்டபூர்வக் காப்பாளர் அவர்தான், தாய் அல்ல. 'தலைமைப் பாதுகாவலர்' போதுமா? சிறுமிகள் அவரை 'டெவில்' என்பதை 'பிசாசு' ஆக்கினால் நெவில்-டெவில் எதுகை போய்விடும், அப்படியே விடலாம்.

அந்தச் சிறுமிகளைக் கொண்டுபோய் வைக்கும் மூர் ரிவர் 'செட்டில்மென்ட்' குடியிருப்பா, முகாமா? ஒரு வரிக்கு 35 எழுத்துக்குள் அடங்கும் சொல்லாகச் சொல்லுங்கள்.