கெவின் வீடும் பில் மர்ரி கால் வைத்த குட்டையும்

திருச்சியில் நான் ஏழாவது படிக்கும்போது, அரைப்பரீட்சை லீவில் கேபிள் டிவியில் ஹோம் அலோன் போட்டார்கள். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த வீடு அப்படியே மனதில் தங்கிவிட்டது. சிவப்புச் செங்கல், வெள்ளை ஜன்னல், வாசல் முழுக்கப் பனி, உள்ளே நுழைந்ததும் அந்த மாடிப்படி. எங்கள் வீட்டில் ஏழு பேருக்கு ரெண்டு ரூம். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு பையன் தனியாக இருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது, திருடர்கள் வருவதெல்லாம் அப்புறம்தான்.

இப்போது சிகாகோ பக்கம் ஷாம்பர்கில் இருக்கிறோம். அந்த வீடு விநெட்காவில் லிங்கன் அவென்யூவில் இருக்கிறது, காரில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது என்று தெரிந்தும் நாலு வருஷமாகப் போகவே இல்லை. அம்மா ஊரிலிருந்து வந்திருந்த டிசம்பரில்தான் போனோம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். தெருவில் சத்தமே இல்லை. வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் இன்னொரு குடும்பமும் நின்றுகொண்டிருந்தது, அவர்களும் எங்களைப் போலவே குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நீ பரீட்சை லீவுல பாத்தியே, அந்தப் பையன் வீடா இது?" என்றார்கள். அம்மாவுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ ஒரு விளக்கைப் போட்டார்கள். ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் வந்ததும் எங்கள் வீட்டுக்காரர், "போதும், வா, யாரோ குடியிருக்காங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். சரிதான். 2012இல் 15.85 லட்சம் டாலருக்குக் கைமாறிய வீடு, 2024 மே மாதம் 52.5 லட்சம் விலை போட்டு விற்பனைக்கு வந்தது, ஆனாலும் அது ஒரு குடும்பம் சாப்பிட்டுத் தூங்குகிற வீடுதான். போகிறவர்கள் நடைபாதையிலேயே நின்று பாருங்கள், புல்வெளியில் கால் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. 1990 பிப்ரவரியிலிருந்து மே வரை படம் எடுத்தார்கள். வீட்டின் வெளிப்பக்கம் இதுதான், ஆனால் உள்ளே நடக்கிற காட்சிகளில் பெரும்பாலானவை இங்கே எடுத்தவை இல்லை. அந்தச் சமயம் மூடிக்கிடந்த நியூ ட்ரையர் வெஸ்ட் ஹைஸ்கூலின் ஜிம்முக்குள் வீட்டையே செட்டாகப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் தண்ணீர் நிரம்பிக் கிடக்குமே ஒரு பேஸ்மென்ட், அது அந்தப் பள்ளிக்கூடத்து நீச்சல் குளம். அந்தப் பையன் கெவின் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் போகிற மரவீட்டைப் படத்துக்கென்றே கட்டி, முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். பாரிஸ் ஏர்போர்ட் என்று காட்டுவதுகூட நம் சிகாகோ ஓஹேர்தான்.

அம்மாவுக்குத் திருடர் கூத்தைவிட, அந்தப் பையனும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சர்ச்சில் உட்கார்ந்து பேசுகிற இடம்தான் பிடிக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தேடினால், சர்ச்சின் வெளிப்பக்கம் வில்மெட்டில் உள்ள ட்ரினிட்டி யுனைட்டட் மெத்தடிஸ்ட், உள்பக்கம் ஓக் பார்க்கில் உள்ள கிரேஸ் எபிஸ்கோபல். கெவின் ஒரு ஊரில் வாசலைத் தாண்டி வேறொரு ஊரில் போய் உட்காருகிறான்! வில்மெட்டில் வாசலைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஓக் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கல் தூண்களும் இருட்டு மரமுமாக, மணப்பாறையில் அம்மா படித்த கான்வென்ட் சர்ச்சைவிட நாலு மடங்கு உயரம். அம்மா பென்ச்சில் உட்கார்ந்து பக்கத்து இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்கள். அந்தத் தாத்தா தன் மகனோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்வார் இல்லையா. எங்கள் மாமாவும் அம்மாவும் பேசி அப்போது பதினொரு வருஷம் ஆகியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கார் ஏறியதும் அம்மாவே ஃபோனை எடுத்து, இப்போது ஊரில் மணி என்ன இருக்கும் என்று கேட்டார்கள்.

உங்களில் யாராவது இப்படிப் போய்ப் பார்த்திருந்தால் எழுதுங்கள். பில் மர்ரி நடித்த கிரவுண்ட்ஹாக் டே எடுத்த வுட்ஸ்டாக் போகலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, பிள்ளைகளோடு போனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

*

அக்கா, ஒரு ஊர் வாசல், வேறொரு ஊர் உள்பக்கம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் நார்த்புரூக்கில் வேலை பார்க்கிறேன். தினமும் ஷெர்மர் ரோடு வழியாகத்தான் போகிறேன். ஹோம் அலோன் கதையை எழுதிய ஜான் ஹியூஸ் தன் படங்களில் ஷெர்மர் என்று ஒரு ஊர் வைத்திருப்பார், இலினாயில் அப்படி ஒரு ஊரே கிடையாது. நார்த்புரூக்கின் பழைய பெயர் ஷெர்மர்வில், 1923இல்தான் மாற்றினார்கள். அவர் இந்த ஊர் கிளென்புரூக் நார்த் ஹைஸ்கூலில் படித்தவர், 1968 பேட்ச். தான் வளர்ந்த ஊரின் பழைய பெயரை எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள எல்லா ஊரையும் வெட்டி ஒட்டி ஒரே ஊராக ஆக்கிவிட்டார். அதனால் ஷெர்மரைத் தேடிப் போனால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

நான் அதில் ஒரு துண்டைத் தேடிப் போனேன். அவர் இயக்கிய தி பிரேக்ஃபாஸ்ட் கிளப் எனக்குக் காலேஜ் ஹாஸ்டலில் ஒரு சீனியர் காட்டிய படம். அஞ்சு பிள்ளைகள், ஒரு சனிக்கிழமை, ஒரு லைப்ரரி, அவ்வளவுதான் கதை. அந்த லைப்ரரியில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று ஆசை. டெஸ் பிளெயின்ஸ் பக்கம் மெய்ன் நார்த் என்ற பள்ளிக்கூடம் அது. 1981இல் மூடிவிட்டார்கள், 1984இல் காலிக் கட்டடத்தில் படம் எடுத்தார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் மாநிலப் போலீஸ் போர்டு, வரிசையாகப் போலீஸ் கார். உள்ளே எப்படிப் போவது? ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று முகப்பை மட்டும் பார்த்தேன். அப்புறம் தெரிந்தது, உள்ளே விட்டிருந்தாலும் லைப்ரரி இருந்திருக்காது, அதையும் ஜிம்முக்குள் செட்டாகத்தான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன விநெட்கா கதையேதான்.

ஏமாற்றமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் கிளம்பும்போது கவனித்தேன், முகப்புக்கு முன்னால் காரிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிடுவார்களே, அந்த வளைவு அப்படியே இருக்கிறது. கடைசியில் அப்பா அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவதும் அங்கேதான். என் அப்பா என்னை ஹாஸ்டலில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டவுன் பஸ் ஏறியது ஞாபகம் வந்தது.

*

தம்பிக்கும் தங்கச்சிக்கும் வணக்கம். நான் 1988இலிருந்து மெக்ஹென்றி கவுண்டியில் இருக்கிறேன். வுட்ஸ்டாக் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கிரவுண்ட்ஹாக் டே கதை நடப்பது பென்சில்வேனியாவில் பங்ஸடானி என்ற ஊரில். ஆனால் படம் எடுத்தது இங்கே, 1992 மார்ச் நடுவிலிருந்து ஜூன் வரை. கேமரா வைக்கத் தோதாக நடுவில் ஒரு சதுக்கம், அதைச் சுற்றிச் செங்கல் பாவிய தெரு, பழைய கடைகள், ஒரு மூலையில் மணிக்கூண்டோடு ஆப்பரா ஹவுஸ் எல்லாம் ஒரே இடத்தில் இங்கே இருந்தன. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ரோட்டை அடைத்தால் வியாபாரம் கெடும் என்று கடைக்காரர்கள் சிலர் கவலைப்பட்டார்கள், அந்தக் கவலையில் நியாயமும் இருந்தது.

எனக்கு அப்போது மதியம் ஷிஃப்ட். காலையில் என் பையனைத் தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பேன், அவனுக்கு ஒரு வயசு. ஏப்ரலில் புல் பச்சையாகத் தொடங்கிவிட்டது, ஆனால் சதுக்கத்தில் மட்டும் பனி! எல்லாம் செயற்கைப் பனி. பில் மர்ரி தெருமுனையில் வருவார், ஒரு ஆள் கூப்பிடுவார், நின்று பேசுவார்கள், அப்புறம் மர்ரி நடைபாதையிலிருந்து இறங்கித் தண்ணீர்க் குட்டையில் கால் வைப்பார். மறுபடி முதலிலிருந்து. மேகம் மூடினால் ஒரு தடவை, வெயில் அடித்தால் ஒரு தடவை. இன்றைக்கு எடுத்ததை நாளைக்கும் எடுப்பார்கள். இயக்குநருக்குத் திருப்தியே வராது போலிருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னேன். 1993 பிப்ரவரியில் தியேட்டரில் படம் பார்க்கும்போதுதான், பிப்ரவரி 2 என்ற ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற கதை என்றே எனக்குத் தெரிந்தது. என் மனைவி இருட்டில் என் தோளைத் தட்டி, "இதைத்தானே அவ்வளவு நாளும் சொன்னீங்க" என்றாள். அவள் இப்போது இல்லை. பிப்ரவரி 2 வந்தால் அந்தத் தட்டு ஞாபகம் வரும்.

படத்தின் இயக்குநர் ஹெரால்டு ராமிஸ் சிகாகோக்காரர், 2014இல் காலமானார். பில் மர்ரி வளர்ந்ததும் பக்கத்தில்தான், தங்கச்சி சர்ச் வாசல் பார்த்த அதே வில்மெட்டில். குட்டை இருந்த இடத்தில் இப்போது நடைபாதை ஓரத்தில் ஒரு பட்டயம் பதித்திருக்கிறார்கள், பில் மர்ரி இங்கே கால் வைத்தார் என்று. அவர் காப்பி குடிக்கிற டிப் டாப் கஃபே செட்டாகப் போட்டது, ஊர்க்காரர்கள் விரும்பியதால் படத்துக்கு அப்புறம் நிஜமாகவே கஃபே ஆனது. பிறகு வேறு கடைகள் வந்துவிட்டன. படத்தில் ஹோட்டலாக வருவது ஆப்பரா ஹவுஸ், 1889இல் கட்டியது. சிட்டிசன் கேன் எடுத்த ஆர்சன் வெல்ஸ் பள்ளிப் பிள்ளையாக இந்த ஊரில்தான் படித்தார், அந்த மேடைக்கு இப்போது அவர் பெயர். பால்கனியில் எல்விரா என்ற பேய்க்கு ஒரு நாற்காலி உண்டு என்று ஊரில் சொல்வார்கள், பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

பிப்ரவரி 2 காலை ஏழு மணிக்குச் சதுக்கத்தில் வுட்ஸ்டாக் வில்லி என்ற கிரவுண்ட்ஹாக்கை வெளியே எடுப்பார்கள். அணில் ஜாதிதான், ஆனால் பெருச்சாளி மாதிரி கொழுகொழுவென்று இருக்கும். அதன் நிழல் தெரிந்தால் இன்னும் ஆறு வாரம் குளிர் என்று கணக்கு. நிஜக் குளிர், கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பாலடைனில் மெட்ரா ரயில் ஏறினால் வுட்ஸ்டாக் ஸ்டேஷனில் இறங்கி ரெண்டு நிமிஷ நடை. ஆனால் அவ்வளவு காலையில் வர வேண்டுமென்றால் கார்தான் நல்லது.

*

ஐயா, நீங்கள் சொன்னபடியே போய்விட்டு வந்தோம். நாலரைக்கு எழுப்பினேன், சின்னவள் அழுதாள், பெரியவன் காரிலேயே மறுபடி தூங்கிவிட்டான். கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அப்பா தோளில் இருந்த சின்னவள்தான் "அது கொட்டாவி விடுதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வாத்தியம் வாசித்தார்கள், தொப்பி போட்ட பெரியவர்கள் பேசினார்கள், எல்லோர் வாயிலிருந்தும் புகை புகையாக மூச்சு.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பட்டயத்தைத் தேடிப் போனோம். மேலே பனி மூடியிருந்தது. பெரியவன் பூட்ஸால் தள்ளி, கையுறையால் துடைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தான். அதற்குப் பக்கத்திலேயே சாலையோரம் உருகின தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. சின்னவள் ரெண்டு காலையும் சேர்த்து அதற்குள் குதித்துவிட்டாள். நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற வயசான அம்மா ஒருவர் கை தட்டினார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். அவள் மேலே ஏறி, மறுபடி குதித்தாள். நீங்கள் கயிற்றுக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள் ஐயா? ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், மூலைக் கடை தெரிகிறது, பார்த்துச் சொல்லுங்கள்.