ஐரோப்பாவைப் போல நாமும் வேறு நாட்டு எரிவாயுவுக்கு மாற முடியுமா?

லெனேசியா தம்பி:
அனைவருக்கும் வணக்கம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு கண்ணாடி ஆலையின் உலைப் பகுதியில் வேலை செய்கிறேன். உலையின் வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி. பல ஆண்டுகள் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைந்தால் கண்ணாடி உள்ளேயே இறுகி, உலைச் செங்கற்கள் விரிசல் விட்டுவிடும். மொசாம்பிக் எரிவாயு குறைந்துவருவதால் ஆலைகளுக்கான விநியோகம் 2026-இல் முடியும் என்று 2023-இல் அறிவித்த சாசோல் என்ற தென்னாப்பிரிக்க எரிபொருள் நிறுவனம், பிறகு கெடுவை நீட்டித்தது. உக்ரைன் போரின்போது ரஷ்யாவை விட்டு ஐரோப்பா வேறு இடங்களில் வாங்கியதே, நமக்கு அது இயலாதா?

பீனிக்ஸ் அண்ணன்:
தம்பி, ஐரோப்பாவுக்கு விற்பவர் கிடைத்ததைவிட, வந்த வாயுவை இறக்கி வாங்க வழி இருந்ததே பெரிய பலம். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 விழுக்காட்டுக்கு மேல் ரஷ்யாவினுடையது. ஆனால் நார்வேயிலிருந்து குழாய்கள் முன்பே இருந்தன. ஸ்பெயினிலும் பிரான்சிலும் குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயுவைக் கப்பலிலிருந்து இறக்கும் துறைமுக முனையங்கள் இருந்தன. முனையமே இல்லாத ஜெர்மனி, 2022 டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் மிதக்கும் முனையத்தைத் திறந்தது. அதே ஆண்டு விலை ஏறியதில் பாகிஸ்தானும் வங்காளதேசமும் கப்பல் சரக்கு வாங்க முடியாமல் மின்வெட்டில் தவித்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஏலம் என்று வந்தால் நாம் நிற்கப்போவது அவர்கள் வரிசையில்தான்.

டர்பன் அக்கா:
அண்ணன் சொல்வது சரி. 2004 முதல் மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே எரிவாயு வயல்களிலிருந்து தென்னாப்பிரிக்காவின் செகுண்டா நகருக்கு 865 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே குழாயில்தான் நமக்கு வாயு வருகிறது. நம் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் முனையம் கட்டுவதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசுகிறார்களே தவிர, கப்பல் வந்து இறக்க இடமில்லை. மொசாம்பிக்கின் வடகோடி மாகாணமான காபோ டெல்காடோவில் வாயு ஏராளம். ஆனால் 2021 மார்ச்சில் அங்குள்ள பால்மா நகரத்தைக் கிளர்ச்சியாளர்கள் தாக்கியதும், பிரான்சின் டோட்டல் நிறுவனம் அப்போது வேலையை நிறுத்தியது. அந்த வாயுவும் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுவதற்கே திட்டமிடப்பட்டது. ஆகையால் அதற்கும் முனையம் வேண்டும்.

லெனேசியா தம்பி:
நன்றி அக்கா. அப்படியானால் முனையம் வரும்வரை சிலிண்டர் வாயுவான எல்பிஜியில் உலையை ஓட்டலாமா?

பீனிக்ஸ் அண்ணன்:
ஓட்டலாம், ஆனால் செலவு கூடும். எல்பிஜியின் வெப்பத்திறன் அதிகம் என்பதால் அதைக் காற்றோடு சரியான அளவில் கலக்கும் கருவி வேண்டும். இல்லையென்றால் பர்னர்களை மாற்ற வேண்டும். பெரிய தொட்டிகளுக்குத் தீயணைப்புத் துறையின் அனுமதியும் தேவை. உங்கள் மேலாளரிடம் இப்போதே பேசுங்கள்.